கூரத்துச் சோளக்கொல்லையில் பாதாம் வாசனை

காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் ஏறிய பேருந்து, ஒன்பதரைக்குக் காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டது. நிலையத்தை ஒட்டிய கடையில் பாதாம் பால் கொதித்துக்கொண்டிருந்தது. என் மகள் நினைவு வந்தது. ஒன்பது வயது. சில நாட்களில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, பாதாம் பால் வாங்கிட்டு வந்தியா?" என்பாள். வாங்கியிருக்கவே மாட்டேன். நாக்கு நீளம் கழுதைக்கு.

நான் தீவனப் பயிர் ஆராய்ச்சிக்காரன். ஒரே மூட்டை விதையில் முளைத்த சோளத்தில் எந்தச் செடி மாட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று பார்ப்பது என் பிழைப்பு. கூரத்தில் பச்சைச் சோளம் தின்ற கறவை மாடு ஒன்று சற்று நேரத்திலேயே விழுந்து செத்ததாக ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பத்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். அநியாயம்தான். பேரம் பேசியும் மனிதர் அசையவில்லை.

"மாடு செத்த வூடா சார்? அந்த வூட்டு மருமவளுக்குக் காத்து கருப்பு அண்டிக்கினு இருக்குதாம். கொல்லையில கால வெச்சா ஏதோ வாசனை வருதுன்னு சொல்லுமாம். சொன்ன அன்னிக்கே மாடு பூடுச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்கு சார் பாக்கணும்?" என்றவர், தெருமுனையிலேயே இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு துணிப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. மருமகள் தேவிகாவின் பை. மாமியார் கஸ்தூரி அம்மாள் மறைக்காமலே சொன்னார். மகன் ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவளை ஆற்காட்டுக்குக் கூட்டிப்போய்த் தாய்வீட்டில் விட்டுவிடுவானாம். திரும்ப அழைத்துக்கொள்ளும் யோசனை இல்லையாம்.

"கெட்ட பொண்ணு இல்ல சார். மந்திரிச்சும் பாத்தாச்சு. இன்னும் மூணு மாடு நிக்குது. எனக்குப் பயமா இருக்குது, அவ்ளோதான்."

தேவிகா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

மூவரும் கொல்லைக்குப் போனோம். மழை பொய்த்த பூமி. போன மாதம் அறுத்த கட்டையிலிருந்து சோளம் மறுபடி துளிர்த்து முழங்கால் உயரம் நின்றது. பக்கத்துத் தரிசில் மேய்ந்த ஆடுகளில் ஒன்றுகூட வரப்பைத் தாண்டவில்லை. காற்று இல்லை. ஆனாலும் தோகைகள் உரசும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

முன்னால் நடந்த தேவிகா சட்டென்று நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இங்க இருக்குது சார்."

நான் குனிந்து ஒரு தோகையைக் கசக்கி முகர்ந்தேன். பச்சை வாசனைதான். "என்ன வாசனைம்மா?"

"பாதாம் பாலு மாதிரி சார். ஆனா கசந்த பாதாம்."

இளஞ்சோளத்தில் ஊறும் சயனைடு விஷத்துக்குக் கசப்புப் பாதாம் வாசனை என்று படித்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதை முகர்ந்ததில்லை. யாரோ கட்டிவிட்ட கதை என்றே நினைத்திருந்தேன்.

அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு தூரிலிருந்தும் இலை பறித்து அவளுக்குப் பின்னால் நின்று கசக்கினேன். "இருக்குது." "இல்ல." "இல்ல." "இருக்குது." தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். கசக்கிய இலைகளை என் தோள்பையிலிருந்த குழாய்களில் தனித்தனியே போட்டு, விஷம் பட்டால் சிவக்கும் மஞ்சள் காகிதத்தைத் தொங்கவிட்டு மூடி, வெயிலில் வரிசையாக வைத்தேன். காத்திருந்தோம்.

"ஐயோ, அரக்கு ஏறிக்கினு வருது சார்," என்று கஸ்தூரி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டுப்புடவையில் பார்த்த நிறம் அது. அவள் 'இருக்குது' என்ற குழாய்களில் மட்டும் காகிதம் சிவந்தது. மற்றவை மஞ்சளாகவே நின்றன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

விஷம் செடிக்குச் செடி மாறும், அறுத்த கட்டையில் மழையில்லாமல் துளிர்க்கும் மறுதாம்பில் கூடும் என்று விளக்கினேன். அதை உணரும் மூக்கும் அப்படித்தான். பிறவியிலேயே சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது.

கஸ்தூரி அம்மாள் இலையைக் கசக்கித் திரும்பத் திரும்ப முகர்ந்தார். "ஒண்ணுமே தெரியலியே! இத்தத்தானே கட்டுக் கட்டா மாருல அணைச்சுக்கினு போனேன்!"

நானும் இன்னொரு தோகையைக் கசக்கி முகர்ந்தேன். இரண்டு பேரும் விஷத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று நிற்கிறோம்.

"கதிர் வர்ற வரைக்கும் வெட்டாதீங்கம்மா. இவங்க மூக்கை மட்டுமே நம்பியும் இருக்காதீங்க," என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் கஸ்தூரி அம்மாள் வாசலில் இருந்த பையை எடுத்து உள்ளே வைத்தார். "ஆற்காட்டுக்குப் பொங்கலுக்குப் போவலாம், போ," என்று சொல்லிக்கொண்டே மருமகள் நெற்றியில் திருநீறு பூசினார்.

"இன்னும் பயமா அத்த?"

"இருக்குதுடி."

தாம்பரம் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கென்று பறித்துவந்த சோளத்தோகை, எப்போதும் கொண்டுபோகும் பையில், தோளில் தொங்கியது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மணியை நான் இன்னும் அழுத்தவில்லை.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, பாதாம் பால் வாங்கிட்டு வந்தியா?"

இந்தப் பையோடு எத்தனை நாள் அவளைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன்! பையை மெல்ல இறக்கிப் படிக்குக் கீழே வைத்தேன். குனிந்து அதில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பச்சை வாசனைதான் வந்தது.