கிணற்றில் கொட்டிய உப்பு

போன ஆனி ஏழாம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டே கால் மணி. சோளகக் காற்று அனலாய் வீசியது. உடுப்பிட்டியில் நான் தனியே இருக்கும் வீட்டுக்கு, பள்ளிக்கூடச் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் நால்வர் கிணற்று நீரைச் சோதிக்க வந்தார்கள். படலையைச் சாத்தவில்லை என்று ஏசினேன். ஆனாலும் பதினொரு நாட்களுக்குப் பிறகு முற்றத்தில் மனிதக் குரல் கேட்டது.

“நல்ல தண்ணி ஐயா. அடுத்த சனி ஒருக்காப் பாப்பம். உப்புக் கூடினால் கிழமைக்கிழமை வருவம். இல்லையெண்டால் இதோடை சரி,” என்றாள் மூத்த பெண்.

வெள்ளிக்கிழமை நான்கு கிலோ உப்பை வாங்கிக் கிணற்றில் கொட்டினேன்.

“படலை சாத்தியாச்சு, ஏசாதேங்கோ!” என்று மறுநாள் சிரித்தபடி வந்த மூத்தவள், உப்பு அளக்கும் கருவியைப் பார்த்ததும் முகம் வாடினாள். “ஐயா, இதைக் குடிக்காதேங்கோ.”

அன்று மாலையே, தன் வீட்டுக் கிணற்று நீரை இரண்டு போத்தல்களில் நிரப்பிச் சைக்கிளில் கொண்டுவந்தாள். “நாளைக்கும் கொண்டு வாறன்.”

போத்தல்களைத் திறக்காமல் திண்ணையில் வைத்தேன்.

“பிள்ளை, உப்பைப் போட்டது நான்தான். நீங்கள் திரும்ப வரவேணுமெண்டு.”

அவள் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். “கூப்பிட்டிருந்தால் சும்மாவே வந்திருப்பம் ஐயா.”

கிணற்றை இறைப்பித்தேன். தண்ணீர் பழையபடி நன்றாகிவிட்டது. இன்றுவரை அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உப்புக்கும் இறைத்த கூலிக்குமாக ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.