முதலில் இறங்கிய துப்பாக்கி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கடலில் பிடிபடும் கடத்தல் பொருட்களை எங்கள் கட்டடத்தில்தான் பூட்டி வைப்பார்கள். அதனால் வாசலில் எப்போதும் துப்பாக்கியோடு இரண்டு காவலாளிகள் நிற்பார்கள். மூத்தவர் சாத்தான்குளத்துக்காரர், முன்னாள் பட்டாளத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

அன்று துறைமுகத்தில் வேலைநிறுத்தம். மதியம் கடற்கரைச் சாலையில் கல்லெறியும் தடியடியும் நடப்பதாகச் சத்தம் கேட்டது. சாப்பிடப் போன எங்கள் கிளார்க் இன்னும் வரவில்லையே என்று நான் வாசல் படியில் இறங்கிப் பார்த்தேன். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

தூரத்தில் அவர் நீலச் சட்டை பறக்கத் தலைதெறிக்க ஓடி வந்தார். "அக்கா, போலீஸ் விரட்டுதாவ. நான் ஒண்ணும் செய்யல" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே பாய்ந்துவிட்டார். பின்னாலேயே ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் துப்பாக்கி ஏந்திய நான்கு போலீஸ்காரர்களும் வந்தார்கள்.

"கல்லெறிஞ்ச நீலச் சட்டைக்காரன் இங்கனதான் ஓடி வந்தான். வழிய விடும்."

அண்ணாச்சி வாசலை மறித்தார். "ஆயுதத்தோட உள்ள போக எங்க அதிகாரி உத்தரவு வேணும் சார். அவுக இப்ப வந்துருவாவ."

"போலீஸையே தடுக்கீரா?"

ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை உயர்த்தினார். அதைப் பார்த்ததும் மேலே இரண்டு காவலாளிகளின் துப்பாக்கிகளும் உயர்ந்தன. நடுப்படியில் நான். மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. வயிற்றை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். கர்த்தரே, கர்த்தரே என்று முணுமுணுத்தேன்.

அப்போதுதான் அண்ணாச்சி என்னைக் கவனித்தார்.

"சார், நடுவுல பிள்ளத்தாச்சி நிக்கா" என்றார். தன் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஏலே, நீயும் துப்பாக்கியத் தாத்து" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு மறுபடியும் வாசலை அடைத்து நின்றார்.

"இப்ப என் கையில ஒண்ணுமில்ல சார். ஆனா அதிகாரி வாராம உள்ள விட மாட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைக் கீழே காட்டினார். போலீஸ் துப்பாக்கிகளும் இறங்கின. நான் மெல்ல உட்காரப் பார்த்தேன். முதலில் துப்பாக்கியை உயர்த்திய அந்தப் போலீஸ்காரரே ஓடி வந்து என்னைத் தாங்கிப் படியில் உட்கார வைத்தார்.

சிறிது நேரத்தில் அதிகாரியின் ஜீப் வந்தது. ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே போய் விசாரித்தார். கிளார்க் சாப்பிட்ட மெஸ்ஸின் முதலாளியை அழைத்து வந்தார்கள். கல் விழுந்தபோது இவர் தன் கடையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்ததாக அவர் அடித்துச் சொன்னார். வேறு யாரோ ஒரு நீலச் சட்டை!

கிளம்பும்போது சப்-இன்ஸ்பெக்டர் அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார். "நீரு முதல்ல இறக்காட்டா உம்ம உயிரும் போயிருக்கும், என் உத்தியோகமும் போயிருக்கும் அண்ணாச்சி" என்றார். கிளார்க் தேம்பித் தேம்பி அழுதார். எங்களுக்கோ, ஏனென்று தெரியாமல் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து நாசரேத் ஆஸ்பத்திரியில் என் மகள் சுகமாகப் பிறந்தாள். இறங்கிப் போவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு என்பதை அன்று அந்த வாசலில் கண்ணால் பார்த்ததால், கோபம் தலைக்கேறும் நேரங்களில் இன்றும் என்னால் முதலில் குரலைத் தாழ்த்த முடிகிறது.