புற்று மரத்தில் ஒரு வினைச்சொல்

நாள் தவறாமல் மழையை எழுதிவைப்பது என் பழக்கம். எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, அன்று தோட்டத்தில் பால்வெட்டு நடந்ததா இல்லையா, அவ்வளவுதான் எழுதுவேன். கித்துல்கலப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருப்பவனுக்கு வானம்தான் மேலதிகாரி. மரம் நனைந்திருந்தால் வெட்டில்லை. பால் சிரட்டையில் இறங்காமல் ஈரப்பட்டை வழியாக வழிந்து வீணாகிவிடும். ஜூன் பௌர்ணமியில் வரும் பௌத்தத் திருநாளான பொசன் போயாவை ஒட்டிய வாரம் முழுக்க ‘மழை, வெட்டில்லை’ என்றே எழுதியிருக்கிறேன். அந்த வாரத்தில்தான் என் தங்கை தான் படித்த ஸ்பானிய மொழியை இழந்தாள்.

அவள் பால்வெட்டுபவள். கணவன் விட்டுப்போன பிறகு மகளோடு எங்கள் வீட்டில் இருந்தாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போக ஏஜன்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தாள். விசா வருவதற்குள் இங்கேயே நல்ல வேலை கிடைத்தால் போகமாட்டேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பியது. நானும் நம்பினேன்.

அப்படி ஒரு வேலை ஆற்றோர ஹோட்டலிலிருந்து வந்தது. படகு விடுவதற்கு வரும் வெள்ளைக்காரர்களைச் சில நாள் காலையில் எங்கள் தோட்டத்துக்குக் கூட்டிவந்து பால்வெட்டைக் காட்டுவார்கள். வெட்டிக் காட்டுவது தங்கைதான். ஜூலை பிறந்தால் ஸ்பெயின்காரர்கள் கூட்டங்கூட்டமாக வருவார்கள், அவர்கள் மொழியில் பேசக்கூடிய ஆள் கிடைத்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வேன் என்றார் ஹோட்டல் மேனேஜர். பொசன் முடிந்ததும் அவள் வெட்டும் மர வரிசையான நிரைக்கே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

“நங்கி, வணக்கம் மட்டும் சொன்னால் போதாது. எப்போது வந்தீர்கள், நாளைக்கும் வருவீர்களா, இதெல்லாம் கேட்க வேண்டும்” என்று, தங்கச்சி என்பதற்கு நங்கி போட்டு, சிங்களத்தில் விளக்கினார்.

ஆகவே ‘வருதல்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினோம். அந்த மொழியில் ஒழுங்காக நடக்கும் வினைகள் நிறைய உண்டு. இது அந்தச் சாதியில்லை. நான் வருகிறேன் என்பதற்கு பெங்கோ. நீ வருகிறாய், பியேனெஸ். நாங்கள் வருகிறோம், பெனிமோஸ். இறந்தகாலத்துக்குப் போனால் ஆளே மாறிவிடுகிறது: பினே, பினிஸ்தே, பினோ. எதிர்காலத்தில் எங்கிருந்தோ ஒரு ‘த்ர’ நுழைந்து பெந்த்ரே என்று நிற்கிறது. நான் போனில் பாடம் சொல்லித்தரும் ஒரு பெண் குரலைக் கேட்டுக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

“இது என்னண்ணே, ஒரே ஆளுக்கு இத்தன பேரு?”

“நம்ம ‘வா’ மட்டும் ஒழுங்கா என்ன? வா, வர்றேன், வந்தேன். எந்தக் கணக்குல வருது, சொல்லு பாப்போம்.”

“அது நம்ம வாயிலயே பொறந்தது. இது வாடகைக்கு வந்திருக்கு. சொன்ன பேச்சு கேக்குமா?”

கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு படித்தது விடிவதற்குள் போய்விடும். வாசிப்பில் ஊறிய ஆள் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவளே வழி கண்டுபிடித்தாள். வெட்டப்போகும்போது ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு சொல்லை வைத்துவிட்டாள். நிரையின் தொடக்கத்தில் வளைந்து நிற்கும் மரம் பெங்கோ. அதற்கடுத்தது பியேனெஸ். வாய்க்காலைத் தாண்டினால் இறந்தகாலம். பாறையோரத்து மரம் பினிமோஸ், ‘நாங்கள் வந்தோம்’. அதைத் தாண்டி அடியில் கறையான் புற்று வைத்த மரம் பினிஸ்தெய்ஸ், ‘நீங்கள் எல்லாரும் வந்தீர்கள்’. மேட்டில் ஏறினால் எதிர்காலம். பட்டையில் கத்தியை வைத்து இழுக்கும்போது சொல்லைச் சொல்வாள், பால் கசிந்ததும் அடுத்த மரத்துக்கு நடப்பாள்.

கங்காணி பார்த்துவிட்டார். “ஏம்மா, மரத்துக்கு மந்திரம் ஓதுறியே, பாலு கூட வருதா?”

“வந்தா ஒங்களுக்கும் ஓதுறேங்க. ஒங்க தலையில முடி வரட்டும்.”

கங்காணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

ஒருநாள் ஆபீசுக்குப் போகும் வழியில் நானும் அவள் பின்னால் நடந்து பார்த்தேன். ஒரு மரத்திலும் தவறவில்லை. ஆனால் வீட்டில் வைத்து நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டால் வராது. கண்ணை மூடி, கத்தி பிடிப்பதுபோல் கையை அசைத்து, வளைந்த மரத்திலிருந்து புறப்பட்டு வருவாள். அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. மேனேஜர் நிரைக்குத்தானே வரப்போகிறார்.

அப்போதுதான் மழை பிடித்தது.

முதல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு, கத்தியில்லாமல் நிரைக்குப் போய் மரம் மரமாக நின்றுவிட்டு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வெட்டாம வரமாட்டேங்குதுண்ணே. பாலு ஓடினாத்தான் சொல்லும் ஓடுது.”

நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? வழக்கம்போல் எழுதிவைத்தேன்.

பொசனுக்கு மறுநாள் காலை மேனேஜர் அழைத்தார். அட்டைக்கடியில் தோட்டத்துக்கு வர முடியாது, நீங்களே ஹோட்டலுக்கு வந்துவிடுங்கள் என்றார். தங்கை மகளின் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. “அங்க மரமில்லியே” என்றாள். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்தார்கள். கீழே ஆறு செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு ஸ்பானிய அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல முகம். மேனேஜர் என்னிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, “நங்கி, இவர்கள் ஒரு கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். எப்போது வந்தீர்கள் என்று கேள்” என்றார்.

தங்கை கண்ணை மூடினாள். மேசைக்கு அடியில் கை அசைவது எனக்குத் தெரிந்தது. உதடு மெல்ல அசைந்தது. வளைந்த மரம். வாய்க்கால். அவளோடு நானும் நடந்தேன். பாறையோரத்து மரம் வரை வந்துவிட்டாள். அங்கே நின்றுவிட்டாள். இன்னும் ஒரே மரம். கூடத்தில் கடிகாரச் சத்தமும் ஆற்றுச் சத்தமும். அந்த அம்மாள் தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினார். எனக்குத் தாங்கவில்லை.

“புத்து மரம்” என்றேன்.

“அய்யே, உதவ் கரன்ன எபா!” மேனேஜர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அண்ணன் உதவி செய்ய வேண்டாமாம். தங்கை கண்ணைத் திறந்துவிட்டாள். கண்ணைத் திறந்ததும் நிரை போய்விட்டது. கூடத்துத் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தேக்குத் தூண்கள், வழவழவென்று பாலிஷ் போட்டவை. அவற்றில் எதுவும் இல்லை.

அந்த அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அன்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். மேனேஜர் டீ வரவழைத்தார். அழைக்கிறேன் என்றார். அழைக்கவில்லை.

வெயில் திரும்பி, வெட்டு தொடங்கி, அடுத்த வாரமே முதல் ஸ்பெயின் கூட்டம் தோட்டத்துக்கு வந்தது. நீர்கொழும்புப் பக்கத்து இளைஞர் ஒருவர் அவர்களைக் கூட்டிவந்தார். நல்ல பேச்சு. எல்லாரும் சிரித்தபடியே நடந்தார்கள். வெட்டிக் காட்டுவதற்கு மட்டும் தங்கையைக் கேட்டிருந்தார்கள். ஆபீசிலிருந்து அவர்களுக்கு வழிகாட்ட நான் போயிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் புற்று மரத்தடியில் இருந்தாள்.

கத்தியை வைத்து இழுத்தாள். பால் வெள்ளைக் கோடாக இறங்கியது. அவள் நிமிர்ந்து, அந்தக் கூட்டத்தைப் பார்த்து, “குவாந்தோ பினிஸ்தெய்ஸ்?” என்று கேட்டாள். எப்போது வந்தீர்கள் எல்லாரும்?

உடனே கைதட்டல். ஒருவர் வாய்விட்டுக் கத்தினார். எல்லாரும் ஒரே நேரத்தில் அவளிடம் பேசத் தொடங்கினார்கள், வேகமாக, மகிழ்ச்சியாக, ஆற்றுப் பக்கமும் மலைப் பக்கமும் கையைக் காட்டிக்கொண்டு. ஒருவர் அவளிடம் திருப்பி ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். தங்கை சிரித்தபடியே நின்றாள். அந்தச் சிரிப்பு மெல்லக் கலைவதை நான் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. இளைஞர் இடையில் வந்து அவர்களைத் திருப்பிக்கொண்டு போனார்.

“கேக்கத்தானேண்ணே படிச்சோம்” என்றாள். “பதிலு அவங்க வாயிலதானே இருக்கு.”

அடுத்த மரத்துக்கு நடந்தாள். வெட்டும்போது எதுவும் சொல்லவில்லை.

விசா வந்தது. அவள் போன தேதி எனக்குத் தெரியும். இங்கே எழுதக் கை வரவில்லை. பிள்ளை அன்று பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நேரத்தோடு கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வாள். முதலில் மகளிடம், பிறகு என்னிடம். போன வெள்ளி, வீட்டுக்கார அம்மா பேசுவது விளங்கவில்லை, அரபு படித்தே ஆகவேண்டும் என்றாள். ‘வா’ என்று கூப்பிட்டதை ‘போ’ என்று நினைத்து அறையைவிட்டு வெளியே போய்விட்டாளாம். சொல்லிச் சிரித்தாள். மெதுவாகப் படித்துக்கொள்ளலாம் என்றேன்.

“எதுல வச்சுப் படிக்கிறதுண்ணே? ஜன்னலத் தொறந்தா எதிர்த்த கட்டடம்தான் தெரியுது. ஒரு மரமில்ல.”

நான் போனோடு வாசலுக்கு வந்து நின்றேன்.

“அங்க மழையா?” என்று கேட்டாள்.

“மழதான்.”

“அப்ப இன்னைக்கு வெட்டில்ல” என்றாள்.