பூசையில் ஏறிய சேமிப்புப் பெட்டி

இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் நாங்கள் குடியிருந்தோம். செங்கல்பட்டு வீட்டை விட்டு அம்மா எங்களிடம் வந்தபோது, அப்பா விட்டுச்சென்ற இரும்புப் பெட்டிகளும் உடன் வந்தன. அவற்றுள் மின்கட்டண ரசீதும் மருத்துவச் சீட்டும் பேதமின்றிக் கிடந்தன. உப்புக்காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின.

கணினி நிறுவனத்தில் பணிபுரிந்த என் மனைவி, அவற்றைப் படமாக்கி, செங்கல் அளவே இருந்த ஒரு கணினிச் சேமிப்புப் பெட்டியில் சேர்த்தாள். ஆவணங்களைப் பேணும் மென்பொருளொன்றையும் அதில் நிறுவினாள். இருமுறை பாதியில் நின்று, பிறகுதான் அது இயங்கியது. ஒவ்வொரு தாளின் எழுத்துகளையும் தானே படித்துச் சொல்லடைவு அமைக்கும். பிறகு எச்சொல்லைக் கேட்டாலும் அச்சொல் உள்ள தாள் வந்து நிற்கும். படித்து முடிக்க ஒரு பகலும் ஓரிரவும் வேண்டும் என்றாள். படிக்கவிட்டு உறங்கப் போனோம்.

மறுநாள் சரசுவதி பூசை. காலையில் பெட்டி இருந்த இடம் வெறுமையாயிருந்தது. அம்மா அதைக் கழற்றிக் குங்குமமிட்டுப் புத்தகங்களோடு பூசையில் வைத்திருந்தாள். தாள்களும் மூட்டையாக அங்கேயே இருந்தன.

"அத்தை, அது ஓடிக்கிட்டிருந்துச்சே."

"வீட்டுத் தாளெல்லாம் அதுக்குள்ள இருக்குன்னு நீதானம்மா சொன்ன? அப்ப அதுவும் புத்தகந்தானே."

பூசையில் வைத்ததை விசயதசமியன்று மறுபூசை முடித்தே எடுப்பது எங்கள் வழக்கம்.

சற்றைக்கெல்லாம் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை விசயதசமி நண்பகலில். நல்ல நாளென்று அவளே கேட்டு வாங்கியது. முன்பு வேறோர் அறுவையில் ஒவ்வாமற்போன மருந்தின் பெயருள்ள தாள் வேண்டும். இல்லையேல் தள்ளிவைக்க நேரும் என்றார்கள்.

"மூட்டையை அவிழ்க்கட்டுமா?" என்றேன்.

"தொடாத. தள்ளினா தள்ளட்டும்." அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. பால் பொங்குவதை ஓசையால் மட்டுமே அறிந்துகொண்டிருந்தவள் அவள்.

மனைவி மெல்லக் கேட்டாள்: "இன்னிக்கு நாமதானே அத்தை படிக்கக் கூடாது? அது படிக்கலாமில்ல?"

"எடத்த விட்டு எடுக்காமலா?"

"ஒயரை மட்டும் இழுத்துட்டு வரேன். சாமந்தி மாலையைக் கொஞ்சம் ஒதுக்கணும், அதுக்கு மூச்சு முட்டும்."

"மூச்சு வேற விடுதா? பரவால்ல, என் புள்ள ஒரு நாளும் இப்படி ஒரே எடத்துல உட்கார்ந்து படிச்சதில்ல."

பாதியில் கழற்றியதால் சொல்லடைவு சிதைந்திருந்தது. மனைவி தன் மடிக்கணினியைத் திறந்து மென்பொருளை மீண்டும் நிறுவினாள்.

"உன் லேப்டாப் மட்டும் பூசைக்கு வராதா?" என்றேன்.

"ஆபீசுது. அதுக்கு அங்கேயே பூசை போட்டாச்சு."

அன்று முழுவதும் குத்துவிளக்கின் அருகே பெட்டியின் பச்சை விளக்கும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

விசயதசமிக் காலையில் மறுபூசை முடிந்தது. எழுத்து தொடங்கும் நாளாயிற்றே என்று அம்மாவே முன்வந்து அமர்ந்தாள். மனைவி அவள் விரலைப் பிடித்து, ஒவ்வாமைக்குரிய ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டவைத்தாள். திரையில் சில தாள்கள் வந்தன. அவற்றுள் செங்கல்பட்டு மருத்துவரின் தாளில் அம்மருந்தின் பெயர் தெளிவாயிருந்தது.

"இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்ப கிளம்புங்க. இன்னும் என்ன பாத்துகினு நிக்கிறீங்க?"

கண்கட்டு அவிழ்த்து வீடு திரும்பியதும் அம்மா நேரே அந்தப் பெட்டியிடம் சென்று குனிந்து பார்த்தாள்.

"குங்குமம் இவ்ளோ கோணலா வச்சிருக்கேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொன்னீங்களா?"