கோமதி போட்ட தடை இன்னும் எடுக்கப்படவில்லை

கோமதி போய்விட்டாள் என்று அவள் மகள் செல்வி போனில் சொன்னபோது என் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கரிசலாங்கண்ணிச் சாறு வற்றி, சடசடப்பு அடங்குகிற நேரம். கைவிடாமல் கிண்ட வேண்டிய பதம். "ஆச்சி, அம்மா காலைல எந்திரிக்கவே இல்ல" என்றாள். கரண்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. திரும்பிப் பார்க்கையில் சட்டி முழுக்கக் கருகிக் கிடந்தது. அந்த எண்ணெயில் ஒரு சொட்டும் விற்கவில்லை. கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன். விற்றிருந்தால் ஒருத்தர் சொன்ன பொய் உண்மையாகியிருக்கும். அந்த ஒருத்தரை விட்டுவிட்டுக் கோமதியைப் பற்றி என்னால் எழுத முடியாது.

சீசன் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் கடைக்காரர்கள்தான் கேட்டார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது.

பேரருவிக்குப் போகிற வழியில் மூன்று கடைகள் ஒட்டினாற்போல் இருப்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் என் மூலிகை எண்ணெய்க் கடை. இடப்பக்கம் சிப்ஸ் கடை அண்ணாச்சி. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். வலப்பக்கத்துப் பழக்கடை ஒன்பது சீசனுக்கு முன்னால் கைமாறிக் கோமதியிடம் வந்தது. அதற்கும் பல வருடம் முன்னால், தென்காசியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அது அவள் சொல்லிக்கொள்ளாத விஷயம். நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் கடை போட்ட முதல் வாரம். வடக்கத்திப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் என் கடையில் நின்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி தன் கடையிலிருந்து எட்டி, சிரித்த முகமாக ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பல வருடமாக நடப்பதுதான். எனக்காகப் பேசுகிறாரே என்று அவருக்கு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கோமதி பழத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "ஆச்சி, அவரு என்ன சொன்னாருன்னு வெளங்குச்சா?"

"நல்ல எண்ணெய்னு சொல்லிருப்பாரு. தங்கமான மனுசன்லா."

"அடல்ட்ரேட்டட்னாரு. கலப்பட எண்ணெயாம். தேச்சா முடி கொட்டுமாம்."

அவர் சொன்ன பொய்யைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ. அந்தப் பொய்க்கு நான் தலையாட்டியதைச் சாகும்வரை மறக்க மாட்டேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோமதி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "இருங்க ஆச்சி. அவரு சொல்லுதது முதல்ல உங்க காதுக்கே வெளங்கணும். அடிக்குதது பொறவு."

புத்தகத்துக்கு எங்கே போவது? மங்குஸ்தான் பெட்டிக்குள் பழம் நசுங்காமல் இருக்க ஆங்கிலப் பேப்பர் போட்டு வரும். அதுதான் எனக்குப் பாடப்புத்தகம். சாறு பட்டு மஞ்சளாகி, எத்தனையோ மாதம் பழசான செய்தி. அதில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான், ஆயில். என் கடைப் பலகையில் பெயிண்டில் எழுதியிருந்ததால் அதன் முகம் தெரியும். "இதுல என் எண்ணெயப் பத்தி என்னட்டி போட்டிருக்கு?" என்று கேட்டேன். கோமதி சிரித்துவிட்டாள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் எடுக்கிற எண்ணெயாம். ஒரு நாட்டு எண்ணெயை இனி வாங்க மாட்டோம் என்று நாலைந்து நாடுகள் கூடித் தடை போட்டிருக்கிறார்களாம். நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். "படிட்டி. மிச்சத்தையும் படி" என்றேன்.

அன்றிலிருந்து பொருளாதாரத் தடைச் செய்தி வந்த தாளை மட்டும் எனக்கென்று எடுத்து வைப்பாள். கிரிக்கெட்டும் சினிமாவும் பழத்துக்கு. சாங்க்ஷன் என்றால் தடை. பிறகு எம்பார்கோ, ஃப்ரீஸ், எவேட். ஒரு நாளைக்கு இரண்டு சொல். அருவியில் தண்ணீர் கூடிப் போலீஸ் விசில் ஊதினால், "பாத்தீங்களா ஆச்சி, குளிக்கத் தடை போட்டாச்சு. இதான் இம்போஸ்" என்பாள். தண்ணீர் குறைந்து ஆட்களை விட்டால், "லிஃப்ட் பண்ணிட்டாங்க" என்பாள். இந்த இரண்டையும் எனக்கு அருவிதான் படிப்பித்தது.

அடுத்த சீசன் தொடங்கிய அன்றைக்குக் கோமதி அண்ணாச்சியின் கடை முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, நீங்க ஆச்சி எண்ணெயப் பத்திச் சொன்னது பொய். அதே மாதிரி ஆள் நிக்கையில, அதே மாதிரி சத்தமா, அதே இங்கிலீசுல, சுத்தமான எண்ணெய்னு சொல்லணும். அதுவரைக்கும் எங்க ரெண்டு கடைலயும் உங்களுக்குத் தடை."

"என்ன தடைம்மா? நீ என்ன அமெரிக்காவா?" என்று அவர் சிரித்தார்.

அவர் சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சாரல் அடித்தால் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. பத்து நாளில் சிரிப்பு நின்றது. சோடாக் கடைப் பெண்ணை அனுப்பி, அவளுக்கே வேண்டியதுபோல எங்களிடம் தண்ணீர்க் குடம் கேட்கச் சொன்னார். "எவேட் பண்ணுதாரு, தடைக்குக் குறுக்கு வழி" என்றேன் நான். கோமதிக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. குடத்தைக் கொடுக்கவில்லை. எனக்கு அது போதவில்லை. அவர் சிப்ஸ் எண்ணெயைப் பற்றி நாமும் நாலு பேரிடம் சொல்லுவோம் என்றேன். கோமதி ஒத்துக்கொள்ளவில்லை. "நிபந்தனை இருந்தாத்தான் தடை ஆச்சி. இல்லன்னா வெறும் கோவம்."

அவள் கடையில் இல்லாத நேரம் பார்த்து அவர் என் முன்னாலேயே மறுபடி ஆங்கிலத்தில் பேசினார். இப்போது எனக்குப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, புரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதுவும் அவள் பாடம்தான். "தெரிஞ்சத உடனே காட்டிராதீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே அவரு நெனைக்கட்டும். ஒரு நாளைக்கு ஆகும்."

ஒரு மழை நாள். அண்ணாச்சி சிப்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் வியர்த்து ஊற்றிச் சரிந்தார். சர்க்கரைக்காரர், காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். என் மனசு குளிர்ந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. "கெடக்கட்டும்ட்டி" என்றேன். கோமதி என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அவர் கண் திறந்த பிறகு வந்து என்னிடம் சொன்னாள்: "சோறும் மருந்தும் தடையில வராது ஆச்சி. எக்ஸெம்ப்ஷன். அந்தப் பேப்பர்லயே போட்டிருக்கு, எடுத்துப் பாருங்க." பார்த்தேன். போட்டிருந்தது. மறுநாள் அவர் நன்றி சொல்ல வந்து நின்றார். கோமதி பழத்தை அடுக்கிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. நிபந்தனையை நிறைவேற்றுவாரோ என்று நான் அன்று முழுவதும் காத்திருந்தேன். வாயில் விட்ட கருப்பட்டித் தண்ணீரை விழுங்கினாரே தவிர, அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

கோமதி போன பதினாறாம் நாள், குத்துக்கல்வலசையில் அவள் வீடு. செல்வியோடு பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள். அவர்கள் நடுவில் அண்ணாச்சி. நான் தண்ணீர்ச் செம்போடு போகிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லுகிறார். கோமதி தனக்குத் தங்கச்சி மாதிரியாம். அவளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்ததே தானாம். இந்தக் கிழவி படிக்காதவள், கலப்பட எண்ணெய் விற்கிறவள், இவள்தான் கோமதி மனசைக் கெடுத்தவளாம்.

செம்பைக் கீழே வைத்தேன்.

"நோ" என்றேன். "ஐ அண்டர்ஸ்டாண்ட். நைன் சீசன் ஐ அண்டர்ஸ்டாண்ட். கோமதி டீச்சர். மை டீச்சர். மை ஆயில் நாட் அடல்ட்ரேட்டட். யூ ஆர் லையர். சாங்க்ஷன் நாட் லிஃப்டட்."

இலக்கணம் சரியில்லை என்று செல்வி பிறகு சொன்னாள், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே. அண்ணாச்சியின் முகத்துக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. ஒன்பது சீசனாக என் முன்னால் பேசிய ஒவ்வொரு பேச்சையும் அவர் மனசுக்குள் திரும்ப எண்ணிப் பார்ப்பது எனக்குக் கண்ணாலேயே தெரிந்தது. அந்த முகத்தைக் கோமதி பார்க்காமல் போனாளே என்பதுதான் எனக்கு இழவு.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினார். அவரோடு நான் பேசக் கூடாது; அதனால் செல்வியிடம் சொன்னேன்: "சாப்ட்டுட்டுப் போகச் சொல்லுட்டி. உங்க அம்மா சட்டத்துல சோறு தடையில வராது." உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். சோறு, பருப்பு, அவியல், ஒன்றும் குறைக்கவில்லை. பாயச வாளியை மட்டும் அவர் இலையைத் தாண்டிக் கொண்டுபோனேன். அது தடை இல்லை. அவருக்குச் சர்க்கரை.

கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது பிஸ்கட் டின் நிறைய மங்குஸ்தான் கறை பட்ட தாள்கள். பென்சிலில் அவள் கோடு போட்ட சொற்கள். கோபத்துக்கு ஒரு நிபந்தனையும் ஒரு விலக்கும் வைக்கத் தெரிந்த மனசு அவளுடையது. எனக்கு அது பாதிதான் வந்திருக்கிறது. தடையை எடுக்கிற அதிகாரம் இப்போது என் கையில். நிபந்தனை மாறவில்லை: என் கடை முன்னால், ஆள் நிற்கையில், சத்தமாக, ஆங்கிலத்தில். எனக்கு வயது எழுபத்து மூன்று. அவர் சீக்கிரம் யோசிப்பது நல்லது.

இந்த மலர் அவர் கடைக்கும் ஒன்று போகும். சிப்ஸ் மடிக்கக் கிழிப்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்.