செபநாயகத்தின் ‘தெரியாது’

குருநகரில் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் கலியாணம் பேசுகிறவர்கள் சாதகம் பார்ப்பதில்லை. எல்லாரும் வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். சாதகத்துக்குப் பதிலாகச் செபநாயகத்தைப் பார்ப்பார்கள். ஒழுங்கை தொடங்கும் இடத்தில் அவருடைய சைக்கிள் கடை. தகரக் கூரை, வருகிறவர்கள் குந்த ஒரு வாங்கு, காற்றடிக்கும் பம், ரியூப்பை முக்கிப் பார்க்க ஒரு பேசின் தண்ணீர். கடை அவ்வளவுதான். ஆனால் எவன் வெறியில் தள்ளாடி வருகிறான், எந்த வீட்டில் சட்டி பானை பறக்கிறது, எந்தப் பெட்டை யாரோடு கதைக்கிறாள் என்பதெல்லாம் அந்த வாங்கைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆகவே பெண் பார்க்கிறவர்களும் மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் முதலில் அவரிடம் வந்து, நன்றாக இருக்கிற ரயருக்கே காற்றடிக்கச் சொல்வார்கள். அடிக்கும்போது மெல்லக் கேட்பார்கள்.

பிள்ளை நல்ல பிள்ளை என்றால் செபநாயகம் பம்மை விட்டுவிட்டு நிமிர்வார். “தங்கமான பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ” என்பார். அப்படி இல்லையென்றால் நிமிரமாட்டார். “எனக்கு அவையளைத் தெரியாது” என்பார். வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்தப் பேச்சு அதோடு சரி.

குடிகாரனைக் குடிகாரன் என்று சொன்னால் அவனுடைய தகப்பன் நாளைக்குக் கத்தியோடு வந்து நிற்பான். நல்லவன் என்று சொன்னால் எங்கேயோ ஒரு பெட்டை வாழ்நாள் முழுக்க அடி வாங்குவாள். தெரியாது என்றால் இரண்டு கரைச்சலும் இல்லை. பொய்யும் சொல்லவில்லை, கோளும் சொல்லவில்லை என்பது அவருடைய நியாயம். தெரிந்ததைத் தெரியாது என்பது பொய்யில்லாமல் வேறு என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் அதைச் சொன்னதில்லை. மனைவியில் எரிந்து விழுந்ததையும் பூசைக்குப் பிந்தியதையும் மட்டும் சொல்லிவிட்டு வருவார்.

அந்தச் சொல்லை அவர் சும்மா பழகவில்லை. சண்டைக் காலத்தில் துவக்கோடு வந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உவனைத் தெரியுமோ? எந்தப் பக்கத்துத் துவக்கு என்றாலும் அவரிடம் இருந்த பதில் ஒன்றுதான். கூடப் படித்தவனையும் தெரியாது, சொந்த மச்சானையும் தெரியாது. அதனால் தப்பியவர்கள் இன்றைக்கும் அந்த ஒழுங்கையால் மீன்பெட்டியோடு போய் வருகிறார்கள். சண்டை முடிந்தது. சொல் அவரோடு நின்றுவிட்டது.

“நீங்கள் தெரியாது எண்டால் ஊருக்கே தெரிஞ்சுபோம்” என்று மனைவி கத்தரீனா பகிடி பண்ணுவாள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட.

போன வருடம் கடைசி வீட்டுக்கு மேர்சி என்ற பெண் மகளோடு வாடகைக்கு வந்தாள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கரைச் சனம். தாய் சந்தையில் மீன் விற்கிறாள். மகள் ஜெனிற்றா முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். காலையில் இருவரும் கடையைத் தாண்டிப் போவார்கள், பின்னேரம் திரும்பி வருவார்கள். செபநாயகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை பாசையூர் லெனாட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய அக்கா மகன் பிரகாசுக்கு ஜெனிற்றாவைப் பேசியிருந்தார்கள். படங்கள் வட்ஸ்அப்பில் போய் வந்து, பிள்ளைகளுக்கும் பிடித்து, கோயிலில் சொல்லி நாள் எடுப்பதுதான் மிச்சம். போகிற போக்கில் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்றுதான் வந்தார். செபநாயகம் இறுகிப்போன ரயர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, கடைசி வீட்டுப் பிள்ளை எப்பிடி?”

“எனக்கு அவையளைத் தெரியாது தம்பி” என்றார், குனிந்தபடியே.

லெனாட் திரும்பி மோட்டார் சைக்கிளில் ஏறினார். “சரி அண்ணை. விளங்குது” என்றார்.

மோட்டார் சைக்கிள் போன பிறகும் செபநாயகத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரயர் கழன்று வந்தது, அந்த நேரம் அதுதான் பெரிதாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை உள்ளது உள்ளபடி சொன்னது அன்றைக்குத்தான்.

பேச்சு நின்றுபோனது. பாசையூரார் காரணம் சொல்லவில்லை, சரிவராது என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். காரணத்தை ஊர் தன் பாட்டில் செய்துகொண்டது. செபநாயகமே தெரியாது எண்டிட்டாராம். அப்படியென்றால் முல்லைத்தீவில் ஏதோ நடந்திருக்கிறது. இல்லாமல் ஏன் இவ்வளவு தூரம் வந்து வாடகைக்கு இருக்கிறார்கள்? சந்தையில் மேர்சியிடம் மீன் வாங்க வந்தவர்கள் மீனை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள்.

இந்தக் கதையைச் சந்தையிலிருந்து கொண்டு வந்தவள் கத்தரீனா.

“உந்தப் பெட்டையிலை என்னத்தைக் கண்டனீங்கள்?”

“ஒண்டும் காணேல்லை. எனக்கு அவையளைத் தெரியாது.”

“அது வந்தவைக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்கோ.”

“உண்மையாத் தெரியாது கத்தரீனா.”

அவள் மீனை வெட்டத் தொடங்கினாள். “சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ. என்னட்டையும் உந்தக் கதைதானே.”

மனைவிக்கு உண்மையைச் சொல்ல அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை. இருந்த ஒன்றையும் வேறு வேலைக்குப் பழக்கிவிட்டார். முதலில் பயமாக இருந்தது. பிறகு அதுவும் போய், பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனம் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டார், படுத்தார், நித்திரையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சைக்கிளில் பாசையூருக்குப் போனார். லெனாட் விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தார்.

“தம்பி, அண்டைக்கு நான் தெரியாது எண்டது மெய்யாவே தெரியாமல்தான்.”

“அப்ப மற்றாக்களைப் பற்றித் தெரியாது எண்டு சொன்னதெல்லாம் அண்ணை?”

செபநாயகம் அதற்கு வாய் திறந்தால் ஒழுங்கையில் பாதி வீடுகளின் மானம் போய்விடும்.

“சரி, அதை விடுங்கோ” என்றார் லெனாட். “நல்ல பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் இப்பவே அக்காவோடை கதைக்கிறன்.”

சொல்லியிருக்கலாம். அந்தப் பெட்டை நல்ல பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும், போக வர நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பாள். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்ன தங்கமான பிள்ளைகள் எல்லாரும் அவர் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தவர்கள். அவரிடம் மிச்சம் இருந்த நேர்மை அது ஒன்றுதான். அந்தச் சனியன் நேரம் பார்த்து வந்து குறுக்கே நின்றது. லெனாட் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பிள்ளை போலைதான் இருக்கு” என்றார் செபநாயகம் கடைசியில்.

“போலை” என்றார் லெனாட். எழும்பி வந்து சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தார். “நீங்கள் கஷ்டப்படாதேங்கோ அண்ணை. உங்கடை வாயிலை பொய் வராது. அது எங்களுக்குத் தெரியும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் எதிர்க்காற்று. அவர் மிதித்துக்கொண்டே வந்தார்.

சில கிழமைகள் கழித்து ஜெனிற்றா காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். அவர் சில்லைக் கழற்றி, ரியூப்பை வெளியே இழுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், பாசையூராக்கள் உங்களிட்டை வந்து கேட்டவையாமே?”

“ஓம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவர் ரியூப்பைத் தண்ணீரில் முக்கினார். “தெரியாது எண்டு சொன்னனான் பிள்ளை. உங்களை எனக்குத் தெரியாதுதானே.”

அவள் யோசித்தாள். ஒழுங்கைக்குப் புதியவள். அங்கே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அது சரிதானே. தெரியாட்டித் தெரியாது எண்டுதானே சொல்லவேணும். நீங்கள் எங்களைப் பற்றி ஏதோ பொய் சொல்லிப்போட்டீங்கள் எண்டு அம்மா அழுதுகொண்டு இருக்கிறா. நான் போய் அவவுக்குச் சொல்லட்டோ, அங்கிள் பொய் ஒண்டும் சொல்லேல்லை எண்டு?”

மிச்சத்தைச் சொல்ல அதுதான் நேரம். பெரிய கதையில்லை, இரண்டு வசனம். அவள் திட்டுவாள், அழுவாள். ஆனால் கலியாணம் ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டு போவாள். தன்னில் என்ன குறை கண்டார்கள் என்று தேடித் தேடி மெலியமாட்டாள். இதெல்லாம் செபநாயகத்துக்கு நன்றாகத் தெரிந்தது. வெட்கமாவது வரும் என்று பார்த்தார், வரவில்லை. கை தன் பாட்டில் ரியூப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

“ஓம் பிள்ளை, சொல்லு” என்றார்.