மிச்சத்தில் ஒரு மேடு

பிரதிபாவின் அப்பா மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். வீட்டில் பேசிய தமிழில் பாதி கன்னடம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஹெப்பாள் பக்கம் ஒரு தனியார் லேபில் சேர்ந்தாள். அங்கேயே தலை நரைத்தது.

எந்தக் கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. இயந்திரம் தரும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பிரிக்கும். பிரிக்கும் முன் கேட்கும்: எத்தனை பொருள்கள்? அதை ஆள்தான் சொல்ல வேண்டும். சொன்ன எண்ணிக்கைக்குள் அடங்காததை மிச்சம் என்று அது ஒதுக்கிவிடும்.

ஊதுபத்திக் கம்பெனி ஒன்றின் வாசனைக் கலவைக்கு அவள் வருடாவருடம் நான்கு என்று போட்டு வந்தாள். முதல் தடவை நான்கு நன்றாகப் பொருந்தியது. பிறகு கை தானாக அந்த எண்ணை அழுத்தியது.

அந்தக் கம்பெனியில் குச்சிகளைக் கலவையில் முக்கி எடுக்கும் மகேஸ்வரி ஒருநாள் லேபுக்கு வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. அவளுக்கும் கூட இருந்த பெண்களுக்கும் மூச்சு இழுத்தது. தண்ணீர் பாட்டிலில் கலவையைக் கொண்டுவந்திருந்தாள். கலவையில் ஒரு குற்றமும் இல்லை என்று லேப் கொடுத்த காகிதத்தை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமுண்டி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம்.

பிரதிபா நான்கு என்று போட்டாள். அன்றுதான் மிச்சத்தைத் திறந்து பார்த்தாள். மிச்சம் என்பது இறைத்த மணல் மாதிரி, உருவமில்லாமல் கிடக்க வேண்டும். அதில் சின்னதாக ஒரு மேடு இருந்தது.

லேப் மேனேஜர் விஜய்குமார் பாட்டிலின் பிளாஸ்டிக்காக இருக்கும் என்றார். பிறகு சிரித்தார்.

"அஞ்சுன்னு போட்டா இன்னும் நல்லாப் பொருந்தும். ஆறுன்னா அதைவிட. எங்க நிறுத்துவீங்க, மேடம்? சுவத்துக் கறையில தேடினா பிள்ளையார்கூடக் கிடைப்பார்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டக் கணக்கு பொருந்தத்தான் செய்யும். அவள் அந்தக் கம்பெனியின் பழைய அளவீடுகளை எடுத்து ஒவ்வொன்றின் மிச்சத்தையும் திறந்தாள். அவை கம்பெனியே கண்ணாடிக் குப்பியில் அனுப்பியவை. எல்லாவற்றிலும் மேடு இருந்தது. அதே இடத்தில். தற்செயலாக விழும் பிசிறு வருடாவருடம் ஒரே இடத்தில் வந்து உட்காராது.

ஐந்து என்று போட்டாள். ஐந்தாவதின் உருவம் லேபின் பட்டியலில் இருந்த எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. இன்னதென்று தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விஜய்குமார் அன்று அவளோடு காபி குடிக்க வரவில்லை.

ரிப்போர்ட்டை வாங்க மகேஸ்வரி வந்தாள். "என்னமோ இருக்குதுங்களாம்மா?"

"இருக்கு. என்னன்னு தெரியலை."

"இப்பத்தான் வந்துச்சுங்களா?"

"இல்லை. முன்னாடியே இருந்திருக்கு."

மகேஸ்வரி யோசித்தாள். "அப்ப அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டது ஆருங்க?"

"நான்தான்."

மகேஸ்வரி தாளை வாங்கி மடித்தாள்.

"இதையுங் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்றேனுங்க."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அது அடங்கட்டும் என்று பிரதிபா நின்றுகொண்டிருந்தாள். அடங்கவில்லை.